அளவுச் சங்கிலியும் ரேடாரும்: திருத்தணி வயல்கள்

வில்லியம் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே சங்கிலியால் அடிக்கோடு அளந்த பின்னர் சென்னை மாகாணத்தில் நிலஅளவை வேரூன்றி, ரயத்துவாரி ஊர்களில், அதாவது உழவரே அரசுக்கு நேரடியாக வரி கட்டிய ஊர்களில், ஒவ்வொரு வயலும் புல எண் பெற்றது. வரி வசூலே இந்த எண்ணிடலின் நோக்கம், உழவர் நலம் அன்று. கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்திருந்த திருத்தணிப் பகுதிக்கோ அம்முறை 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் வழியே வந்தது.

இப்படி நிலத்தில் நின்று அளந்த வயலை, 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-1ஏ செயற்கைக்கோள் வானிலிருந்து காட்டினாலும், வடகிழக்குப் பருவமழையின் மேகம், நெல் விளையும் காலத்திலேயே அதன் கண்ணை மறைத்தது. 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1ஏ செயற்கைக்கோளோ மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகளை அனுப்புவது. நாற்று நட்ட வயலில் தேங்கிய நீர் அவ்வலைகளை அப்பால் தெறிக்கவிடுவதால் இருண்டும், பயிர் வளர வளர வெளுத்தும் படத்தில் தெரியும் நெற்பரப்பைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் கணித்து, பயிர்க் காப்பீட்டு இழப்பீட்டுக்கு அதனைப் பயன்படுத்தச் செய்தது.