நரிவேட்டை: திண்டுக்கல் சமவெளியும் தமிழ்நாட்டின் பிற பகுதிகளும்

நரிவேட்டை என்பது தமிழ்நாட்டின் மேட்டுக்காடுகளிலும் புதர்க்காடுகளிலும் நரியினங்களை வலை, நாய், கண்ணி, துப்பாக்கி ஆகியவற்றால் பிடித்தும் கொன்றும் வந்த வழக்கம். ஆட்டுக்கிடைக் காவல், இறைச்சி, தாயத்து வணிகம், சடங்கு, பொழுதுபோக்கு என அதன் நோக்கங்கள் பல. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி இது இன்று குற்றம். திண்டுக்கல் சமவெளி இவ்வழக்கத்தின் பொதுவான பகுதிகளுள் ஒன்று. சடங்கு வடிவத்துக்குச் சேலம் மாவட்டத்தின் வாழப்பாடி வட்டாரமும், ஆங்கிலேயர் வடிவத்துக்கு உதகமண்டலமும் அறியப்பட்டவை.

விலங்குகள்

பேச்சு வழக்கில் நரி என்ற ஒரே பெயரில் இரு விலங்குகள் அடங்குகின்றன. பெரியது, ஊளையிடும் நரி (கேனிஸ் ஆரியஸ்). பெரும்பாலும் 8 முதல் 11 கிலோ எடை இருக்கும். ஊரோரம், ஆற்றோரம், கரும்புத் தோட்டம், மலையடிவாரம் என எங்கும் ஒண்டி வாழும். சிறியது குள்ளநரி (வல்பெஸ் பெங்காலென்சிஸ்). எடை 2 முதல் 4 கிலோவுக்குள் அடங்கும். வால் நுனி கறுத்திருக்கும். திறந்த வெளியையும் வறண்ட புல்தரையையும் விரும்பும் இது, பல வாய்கள் உள்ள வளை தோண்டி இணையாக வாழ்கிறது. எலி, கறையான், வண்டு, ஓணான், இலந்தைப் பழம் ஆகியவை இதன் உணவு. ஆட்டுக்குட்டியைத் தூக்கிய பழி இரண்டின் மேலும் விழுந்தாலும், அதற்கு உடல்வலிமை உள்ளது பெரியதற்கே.

வேட்டைக் குறிப்புகளிலும் செய்தித்தாள்களிலும் இவ்விரண்டும் அடிக்கடி கலந்துவிடுகின்றன. ஆகவே கீழே வரும் செய்திகள் சிலவற்றில் எந்த விலங்கு குறிக்கப்படுகிறது என்பதை உறுதியாகக் கூற இயலாது.

நிலமும் பருவமும்

திண்டுக்கல் சமவெளி சிறுமலைக்கும் பழனி மலைத் தொடருக்கும் இடையே கிடக்கும் செம்மண் பூமி. குடகனாறு இதன் வழியே வடக்கு நோக்கி ஓடுகிறது. வேடசந்தூர், வடமதுரை, ஒட்டன்சத்திரம், நத்தம் பக்கங்களில் கரடுகளும் மானாவாரிக் காடுகளும் மாறி மாறி வருகின்றன. முதன்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும். சோளமும் கடலையும் வீடு சேர்ந்த பின், தை மாதத்தில் காடு வெறுமையாகிவிடும். பயிர் நிற்கும் வரை கண்ணில் படாத நரி அப்போது வெட்டவெளியில் தெரியும். பனியில் நனைந்த மண்ணில் அதன் கால்தடம் பதியும். உழவர்க்கும் அந்த நாட்களில் வேலை குறைவு. சமவெளியில் நரிவேட்டைக்குத் தையும் மாசியும் உரிய காலம் எனக் கருதப்பட்டதற்கு இவையே காரணங்கள்.

குள்ளநரியின் நாட்காட்டியும் ஏறக்குறைய இதே மாதங்களைச் சுற்றித்தான் அமைகிறது. அது மார்கழி, தை வாக்கில் இணைசேர்கிறது. சினைக்காலம் சுமார் 50 நாள். மாசி, பங்குனியில் குட்டி ஈனுகிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்தே குட்டிகளை வளர்ப்பதால், அக்காலத்தில் ஒன்றைப் பிடித்தாலும் அந்த ஆண்டின் ஈற்றுக்கு ஆபத்து. வேட்டைக்கு வாய்ப்பான பருவமும் இனப்பெருக்கப் பருவமும் ஒன்றாக அமைந்துவிட்டது இவ்வரலாற்றின் மையமான செய்தி. இது நெடுங்காலம் யாருடைய கவனத்துக்கும் வந்ததாகத் தெரியவில்லை.

நாளின் பொழுதைப் பொறுத்தவரை, நாய் கொண்டு வேட்டையாடுவோர் விடியற்காலையைத் தேர்ந்தனர். ஈரமும் குளிர்ச்சியும் உள்ள தரையில் விலங்கின் மணம் தங்கும். வெயில் ஏறினால் மோப்பம் கலைந்துவிடும். துப்பாக்கியோடு காத்திருப்பவர்களுக்கு உகந்தது அந்தியும் நிலவு காயும் இரவும்.

முறைகள்

வலை: புதரின் ஒரு பக்கத்தில் வலையைக் கட்டிவிட்டு, மறுபக்கத்திலிருந்து ஆட்கள் கூச்சலிட்டு விலங்கை விரட்டுவர். உயிரோடு பிடிக்க ஏற்ற முறை என்பதால் சடங்கு வேட்டையில் இதுவே நிலைத்தது.

நாய்: கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஆகிய நாட்டு இனங்கள் வேட்டைக்குப் பெயர்பெற்றவை. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு துரத்தும் ஓட்டநாய்கள். முயலே இவற்றின் வழக்கமான இரை, நரி வாய்த்தபோது மட்டும்.

வளை மறித்தல்: வளையின் வாய்களை அடைத்து, மீதமுள்ள ஒன்றில் புகை போட்டு நரியை வெளியே வரவைப்பது.

குரல் கொடுத்தல்: நரியைப் போல ஊளையிட்டு அதை அருகே வரவைப்பது நரிக்குறவர்களின் தனித்திறனாகச் சொல்லப்படுகிறது. ஒரு நரியின் ஊளைக்கு மற்றவை பதில் கொடுக்கும் இயல்பே இதற்கு அடிப்படை.

அவுட்டுக்காய்: இறைச்சிக்குள் வெடிமருந்து பொதிந்து வைப்பது. கடித்ததும் வாய் சிதறும். காட்டுப்பன்றிக்கு வைத்ததில் நரியும், நரிக்கு வைத்ததில் ஆடு மாடும் நாயும் சிக்குவதுண்டு.

பழங்காலம்

சங்க இலக்கியத்தில் நரி பெரும்பாலும் சுடுகாட்டிலும் போர்க்களத்திலும் திரியும் விலங்காகவே வருகிறது. அதை இரையாகத் தேடிச்சென்ற வேட்டை அங்கே சிறப்பிடம் பெறவில்லை. ஆனால் பொழுதறிந்து முறையை மாற்றும் வேட்டைக் கலைக்குப் பெரும்பாணாற்றுப்படையில் நல்ல சான்று உண்டு. அதில் வரும் எயினர், நீர் அருகிய காலத்தில் நீர்த்துறையருகே குழி தோண்டிப் பதுங்கி, தண்ணீர் குடிக்க வரும் பன்றிக்காக நள்ளிரவு வரை காத்திருக்கின்றனர். அது வாய்க்காவிட்டால், பகலில் நாய்களோடு போய்ப் புதரை அடித்து, வேலியில் வலை மாட்டி, நெடுஞ்செவி முயலை ஓட வழியின்றி வளைக்கின்றனர். இன்றும் வாழப்பாடிப் பக்கம் நரிக்குக் கட்டப்படும் வலைக்கும் இதற்கும் முறையில் பெரிய வேறுபாடில்லை.

பக்தி மரபில் நரிக்குக் கிடைத்த இடம் வேறு. மாணிக்கவாசகருக்காகச் சிவபெருமான் காட்டு நரிகளைப் பரிகளாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைத்ததும், அன்றிரவே அவை மீண்டும் நரிகளாகி, கொட்டிலில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடியதும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் விரிவாக உள்ளன. மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஆவணி மூலத் திருவிழாவில் இந்த லீலை ஆண்டுதோறும் நடத்தப்படுகிறது.

இடைக்காலம் முதல் 18ஆம் நூற்றாண்டு வரை

நாயக்கர் ஆட்சியிலும் பின்னர் மைசூர் ஆட்சியிலும் திண்டுக்கல் ஒரு கோட்டை நகரம். சுற்றுப்புறம் பாளையக்காரர்களின் கையில் இருந்தது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இப்பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது.

உதகை வேட்டை

தமிழகத்தில் நரிவேட்டை பற்றிய எழுத்துப் பதிவுகளில் பெரும்பகுதி ஒரே ஊரைச் சேர்ந்தது. நீலகிரியில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு நரிவேட்டையை அங்கே அப்படியே நடத்த முயன்றனர். அதன் தொடக்கத்தைச் சிலர் 1835 என்றும், சிலர் ஒழுங்கான நாய்க்கூட்டம் அமைந்த 1844 என்றும் கொள்வர். முன்னதில் 74ஆம் ஹைலாண்டர் படைப்பிரிவின் நாய்களும், பின்னதில் மதராஸ் குதிரைப்படை அதிகாரி ஒருவரின் நாய்களும் பேசப்படுகின்றன. தொடக்க காலத்தில் நாய்கள் கடமானையும் துரத்தின. நரி மட்டுமே குறி என்ற நிலை பின்னர் வந்தது.

இங்கிலாந்தின் செந்நரி இம்மலையில் இல்லை. சமவெளியின் குள்ளநரி குதிரை வீரர்களுக்கு உவப்பாக இல்லை: உருவம் சிறியது, மோப்பம் மெல்லியது, சிறிது தூரம் ஓடியதும் வளைக்குள் புகுந்துவிடும். நெடுந்தூரம் நேராக ஓடக்கூடிய பெரிய நரியே மாற்றாக ஏற்கப்பட்டது. அன்றைய இந்தியாவின் மறுகோடியில் இயங்கிய பெஷாவர் வேட்டைக் குழுவும் இதே விலங்கைத்தான் துரத்தியது.

நாய்கள் கப்பலில் வந்தன. இங்கிலாந்தின் மோப்ப நாய்க்குச் சமவெளி வெயில் தாங்காது. உதகையின் குளிர் அதைக் காப்பாற்றியது. பருவமும் சமவெளிக்கு நேர்மாறானது. திண்டுக்கல்லில் தை மாதப் பனியில் நடந்த வேட்டை, உதகையில் தென்மேற்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் நடந்தது. சென்னை அரசாங்கமே கோடைகாலத் தலைநகராக உதகைக்கு இடம்பெயர்ந்த காலம் அது. ஆளுநர், அதிகாரிகள், விடுப்பில் வந்த படையினர் எல்லோரும் மலையில் இருந்தனர். மழையால் நனைந்த புல்வெளியில் மோப்பமும் நின்றது. இயற்கை தந்த காரணமும் அலுவலகம் தந்த காரணமும் ஒன்றாகப் பொருந்தின.

வேட்டையின் களம் உதகைக்கு மேற்கே விரிந்த புல்மேடுகள். மேடுகளின் மடிப்புகளில் சோலைகள் திட்டுத் திட்டாக நிற்கும். நாய்களைச் சோலைக்குள் விட்டு நரியைக் கிளப்புவர். அது வெளிப்பட்டுப் புல்வெளியில் ஓடத் தொடங்கியதும் சிவப்புக் கோட்டு அணிந்தவர்கள் குதிரையில் பின்தொடர்வர். இங்கிலாந்தில் வேலி தாண்டுவதே சோதனை. இங்கே வேலி இல்லை. பள்ளத்தாக்கின் சதுப்புகளே ஆபத்து. பச்சைப் புல்லென நம்பி இறங்கிய குதிரை வயிறு வரை புதைந்துவிடும். எங்கே கடக்கலாம் என்பது, மலையின் ஆயர் குடியினரான தோடர்கள் எருமை ஓட்டிச் சென்ற தடங்களை அறிந்தவர்க்கே தெரியும்.

1891 முதல் 1896 வரை சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரை இப்புல்மேடுகள் இன்றும் தாங்குகின்றன. பயிர் நிலமாகவும் தோட்டமாகவும் மாறாமல் அவை ஒதுக்கிவைக்கப்பட்டதில் வேட்டைக்காரர்களின் செல்வாக்குக்குப் பங்கு உண்டு. மேய்ச்சல் நிலத்தில் தோடர்களுக்கு இருந்த உரிமையோடு இது எவ்வாறு பொருந்தியது என்பது குறித்து ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்தில்லை.

சர் பிரெடரிக் பிரைஸ் 1908இல் வெளியிட்ட உதகமண்டல வரலாற்று நூலில் வேட்டைக்குழு விரிவாகப் பேசப்படுகிறது. அதே ஆண்டு டபிள்யூ. பிரான்சிஸ் நீலகிரி மாவட்ட விவரச்சுவடியை வெளியிட்டார். திண்டுக்கல் அப்போது அடங்கியிருந்த மதுரை மாவட்டத்தின் விவரச்சுவடியை 1906இல் எழுதியவரும் இதே பிரான்சிஸ்தான். சமவெளியில் வலையும் நாயும் கொண்டு நடந்த வேட்டைக்கு இத்தகைய வரலாற்றாசிரியர் வாய்க்கவில்லை.

விடுதலைக்குப் பின் குழு வெலிங்டனிலுள்ள பாதுகாப்புப் படை அலுவலர் கல்லூரியைச் சார்ந்து தொடர்ந்தது. இப்போது விலங்கைத் துரத்தாமல், இழுத்துச் சென்ற செயற்கை மணத்தின் தடத்தை நாய்கள் பின்தொடர்வதாகக் கூறப்படுகிறது.

நரிக்குறவரும் நரிக்கொம்பும்

வாக்ரிபோலி பேசும் நரிக்குறவர் தமிழகமெங்கும் பரவி வாழ்கின்றனர். நாட்டுத் துப்பாக்கி, கண்ணி, குரல் ஆகியவற்றால் வேட்டையாடிய இவர்கள், பின்னர் பாசிமணி வணிகத்துக்கு மாறினர். இவர்கள் விற்ற பொருள்களில் புகழ்பெற்றது நரிக்கொம்பு. நரிக்குக் கொம்பு கிடையாது. மண்டையோட்டில் அரிதாகத் தோன்றும் எலும்புப் புடைப்பு என்று சிலர் விளக்குவர். சந்தையில் விற்றவற்றில் பெரும்பாலானவை எலும்பையும் மயிர்த்தோலையும் கொண்டு செய்யப்பட்டவை. இலங்கையில் பணியாற்றிய ஜேம்ஸ் எமர்சன் டென்னன்ட், 1861இல் வெளியான தம் இயற்கை வரலாற்று நூலில், நரிக்கொம்பு வைத்திருப்பவன் வழக்கில் தோற்கமாட்டான் என்ற நம்பிக்கையைப் பதிவுசெய்துள்ளார். 2023ஆம் ஆண்டு நரிக்குறவர் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

வங்காநரி ஜல்லிக்கட்டு

காலையில் நரி முகத்தில் விழித்தால் நல்லது நடக்கும் என்பது தமிழகத்தின் பொது நம்பிக்கை. வாழப்பாடி வட்டாரத்துச் சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி, ரங்கனூர் முதலிய ஊர்களில் இது பொங்கல் சடங்காகவே வளர்ந்தது. காணும் பொங்கலை ஒட்டி ஊரார் புதர்க்காட்டில் வலை கட்டி வங்காநரி ஒன்றை உயிரோடு பிடிப்பர். மாலை போட்டு, மேளத்தோடு ஊர்வலமாக மாரியம்மன் கோயிலுக்குக் கொண்டுவருவர். பூசைக்குப் பின் கயிறு கட்டி மைதானத்தில் ஓடவிட்டு, எல்லோரும் பார்த்த பிறகு காட்டில் விட்டுவிடுவர். செய்யாவிட்டால் மழை பொய்க்கும், விளைச்சல் குறையும் என்பர். வங்காநரி எனப்படுவது குள்ளநரியா பெரிய நரியா என்பதில் செய்திகள் முரண்படுகின்றன.

கொல்வதில்லை, துன்புறுத்துவதில்லை என்பது ஊராரின் வாதம். பிடிப்பதும் சட்டப்படி வேட்டையே என்பது வனத்துறையின் நிலை. தை மாதத்தில் நடப்பதால், பிடிபடுவது சினை நரியாக இருக்கவும் வாய்ப்புண்டு. பல ஆண்டுகளில் வனத்துறை அபராதம் விதித்துள்ளது. ஊரார் அதைக் கட்டிவிட்டு வழக்கத்தைத் தொடர்ந்ததும் உண்டு. 2017ஆம் ஆண்டின் ஜல்லிக்கட்டுத் திருத்தச் சட்டம் காளைகளுக்கானது, நரிக்குப் பொருந்தாது.

மதுரை, சிவகங்கை, திண்டுக்கல் வட்டாரங்களில் மாசி சிவராத்திரியை ஒட்டி நடக்கும் பாரிவேட்டை பெரும்பாலும் முயலையே குறிவைப்பது.

சட்டமும் அண்மைக்காலமும்

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இரு விலங்குகளும் இன்று பாதுகாக்கப்பட்டவை. 1991ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு விளையாட்டு வேட்டை உரிமங்களும் முடிவுக்கு வந்தன. 2020ஆம் ஆண்டு ஜூனில் திருச்சிராப்பள்ளி மாவட்டம் ஜீயபுரம் அருகே இறைச்சியில் வெடி வைத்து நரியைக் கொன்றதாகப் பன்னிருவர் கைது செய்யப்பட்டனர்.

1985ஆம் ஆண்டு தனி மாவட்டமான திண்டுக்கல்லில், புதர்க்காட்டுக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு தேவாங்கின் பெயரால் வந்தது. 2022இல் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. ஆனால் குள்ளநரி விரும்பும் திறந்த தரிசு நிலம் பெரும்பாலும் காப்புக்காட்டு எல்லைக்கு வெளியே உள்ளது. சீமைக்கருவேலம், வீட்டுமனை, நான்குவழிச் சாலை, தெருநாய்களிடமிருந்து தொற்றும் நோய் ஆகியவை அங்கே வேட்டைக்கு நிகரான நெருக்கடிகளாகக் குறிப்பிடப்படுகின்றன. நரி குறைந்ததால்தான் மயில் பெருகிப் பயிரை அழிக்கிறது என்று உழவர்கள் பலர் கூறுவர். உணவும் தண்ணீரும் ஆண்டு முழுதும் கிடைப்பதையே சிலர் காரணமாகக் காட்டுவர்.