வான்கோவும் 60 தாள்களும்

வான்கோன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது அறுபட்ட காது, சுழலும் நட்சத்திரங்கள், சூரியகாந்திப் பூக்கள். ஒரு பைத்தியக்கார மேதை, உள்ளே பொங்கினதை அப்படியே கேன்வாஸ்ல கொட்டிட்டுப் போயிட்டார். இதுதான் நமக்குத் தெரிஞ்ச கதை. சினிமாவுக்கு நல்லா இருக்கும். ஆனா படம் வரையணும்னு ஆசைப்படறவனை "அதெல்லாம் பிறவியிலேயே வரணும்ப்பா"ன்னு சொல்லி உட்கார வெச்சுடற கதையும் இதுதான்.

அதுவும் மனுஷ உருவம்னா கேக்கவே வேண்டாம். மரத்துல ஒரு கிளை கொஞ்சம் நீண்டு போனா யாரும் கண்டுக்க மாட்டாங்க. கை ரெண்டு அங்குலம் நீண்டா பக்கத்து வீட்டுக் குழந்தை கூட சிரிச்சுடும். அதனாலதான் மலை, ஆறு, தென்னைமரம் வரைக்கும் தைரியமா வரையற நாம, தோள்பட்டை, முழங்கால்னு வந்ததும் பென்சிலைக் கீழே வெச்சுடறோம்.

வான்கோ இந்தத் தோள்பட்டையோடயும் முழங்காலோடயும் மல்லுக்கட்டின 10 வருஷக் கதை இருக்கே, அது காது கதையை விட சுவாரஸ்யமானது.

1853ல பிறந்தவர், ஓவியராகணும்னு முடிவெடுத்தது 1880ல. அதாவது 27 வயசுல. அதுக்கு முன்னாடி படம் விக்கிற கூபில் கம்பெனியில 1869ல இருந்து 1876 வரைக்கும் வேலை பார்த்து, அவங்க அனுப்பிட்டாங்க. அப்புறம் பெல்ஜியத்துல போரினாஜ்ங்கற நிலக்கரிச் சுரங்கப் பகுதியில மதபோதகர் வேலை. அதுவும் 1879ல போச்சு. கையில காசு இல்லை, தம்பி தியோ அனுப்பற பணம்தான். நம்ம ஊரா இருந்தா "27 வயசாச்சு, இன்னும் செட்டில் ஆகலையா"ன்னு சொந்தக்காரங்க பிடுங்கி எடுத்திருப்பாங்க. அங்கேயும் பெரிசா வித்தியாசம் இல்லை :-)

இப்படி ஒரு நிலைமையில அவர் முதல்ல என்ன செஞ்சார்? உணர்ச்சி பொங்க ஓவியம் தீட்டலை. ஒரு பயிற்சிப் புத்தகத்தை இரவல் வாங்கினார்.

சார்ல் பார்க்ங்கற பிரெஞ்சு ஓவியர், ஜெரோமோட சேர்ந்து தயாரிச்ச ஓவியப் பயிற்சித் தொகுப்பு அது. மூணு பாகம். முதல் பாகம் பிளாஸ்டர் சிலைகளைப் பார்த்து வரையறது. ரெண்டாவது, பெரிய ஓவியர்களோட படங்களைப் பார்த்து வரையறது. மூணாவது, கரிக்கோல் பயிற்சி: நிர்வாணமா நிக்கிற, உட்கார்ந்திருக்கிற ஆண்களோட வெறும் கோட்டுருவங்கள், மொத்தம் 60 தாள். இதைப் பதிப்பிச்சது யார்னு பாருங்க, அதே கூபில் கம்பெனிதான்! இரவல் கொடுத்தவர் அந்தக் கம்பெனியோட ஹேக் நகரக் கிளை மேலாளர் டெர்ஸ்டீக்.

பார்க் சொல்லித் தர்ற முறை ஒரு எஞ்சினியருக்கு ரொம்பப் பிடிக்கும். வளைவுகளை எடுத்த உடனே வரையக் கூடாது. உச்சி எங்கே, அடி எங்கே, அகலம் எங்கே முடியுதுன்னு முதல்ல புள்ளி வெச்சுக்கணும். அப்புறம் அதையெல்லாம் நேர்கோடுகளால இணைக்கணும். அளவு சரியா வந்தப்புறம்தான் வளைவு, அதுக்கப்புறம்தான் நிழல். பெருசுல இருந்து சின்னதுக்கு. கண் இமையை அழகா வரைஞ்சுட்டு, தலை கழுத்துல உட்கார மாட்டேங்குதேன்னு முழிக்கிற வேலையே இல்லை.

வான்கோ அந்த 60 தாளையும் 1880லயும் 1881லயும் உட்கார்ந்து, ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப வரைஞ்சார். கூடவே மிலேவோட விவசாயிகளைப் பிரதி எடுத்தார்.

1882ல ஹேக் நகரத்துல இருந்தப்போ அவரோட கனவு என்ன தெரியுமா? இங்கிலாந்துப் பத்திரிகைகளுக்குப் படம் போடறது. 1883 ஆரம்பத்துல 'தி கிராஃபிக்' பத்திரிகையோட 21 பழைய தொகுதிகளை வாங்கிப் போட்டார். அதுல ஏழைகள், தொழிலாளிகள் முகங்களை மரச்செதுக்கா போட்டிருப்பாங்க. அதே மாதிரி முகங்களைத் தேடி முதியோர் விடுதியில இருந்த கிழவர்களைக் கூட்டிட்டு வந்து வரைஞ்சார். மீனவர் தொப்பி வாங்கி வெச்சு, மாடல்களுக்குப் போட்டுவிட்டும் வரைஞ்சார். உடம்பு எப்படிக் கட்டமைஞ்சிருக்குன்னு பார்க்கை வெச்சுக் கத்துக்கிட்டவர், அந்த உடம்புக்குள்ள ஒரு ஆள் இருக்கான்னு இங்கேதான் கத்துக்கிட்டார்னு எனக்குத் தோணும்.

அடுத்தது நியூனன் கிராமம். 1885ல 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்'. அந்த ஒரு படத்துல இருக்கிறது அஞ்சு பேர். அதுக்கு முன்னாடி அந்தக் குளிர்காலத்துல அவர் வரைஞ்ச விவசாயித் தலைகள் மட்டும் 40 இருக்கும். அவ்வளவு உழைப்பு. படத்தோட அச்சுப் பிரதியை நண்பர் ராப்பார்டுக்கு அனுப்பினார். ராப்பார்ட் கிழிகிழின்னு கிழிச்சுட்டார். வலது பக்கம் இருக்கிறவனுக்கு முழங்கால் எங்கே, வயிறு எங்கே, கை ஏன் இவ்வளவு குட்டைன்னு. கோபத்துல அந்தக் கடிதத்தைத் திருப்பியே அனுப்பிட்டார் வான்கோ. அந்த நட்பும் அந்த வருஷத்தோட முடிஞ்சுபோச்சு.

ஆனா அதே வருஷக் கோடையில அவர் வரைஞ்ச உருவங்களைப் பாருங்க. குனிஞ்சு அறுக்கிற, மண்ணைக் கொத்துற ஆட்கள். பழைய படங்கள்ல இருந்த விறைப்பு இதுல இல்லை. வெளிக்கோட்டுல ஆரம்பிக்காம, நீள்வட்டங்களா, உருண்டையான திரளா, நடுவுல இருந்து உருவத்தைக் கட்டறது. டெலக்ரா இந்த மாதிரிதான் செய்வார்னு படிச்சு எடுத்துக்கிட்ட முறை அது. கொத்துறவன் உண்மையிலேயே கொத்தணும், அளவு மட்டும் சரியா இருந்தா போதாதுன்னு தியோவுக்கு எழுதினதும் அப்போதான். அளவுகோலை அஞ்சு வருஷம் கையில வெச்சிருந்தவன் அப்படிச் சொல்றப்போ அதுக்கு ஒரு மரியாதை இருக்கு. அளவே தெரியாம "அது என்னோட ஸ்டைல்"ங்கறது வேற.

1886ல ஆன்ட்வெர்ப் ஓவியக் கல்லூரியில சேர்ந்தார். அவர் பாரிஸுக்குக் கிளம்பிப் போனப்புறம் கல்லூரி எடுத்த முடிவு: இவரைக் கீழ் வகுப்புல போடணும். பாரிஸ்ல மாடலுக்குக் கொடுக்கக் காசு இல்லை. ஒரு கண்ணாடியை வெச்சுக்கிட்டுத் தன்னையே வரைஞ்சார். இன்னிக்கு உலகமே கொண்டாடற அந்த சுயஉருவப் படங்கள்ல பாதிக்கு மேல பிறந்தது இப்படித்தான்.

கடைசி வருஷம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. மனநல விடுதியில இருந்தப்போ மறுபடியும் மிலேவோட படங்களை எடுத்து வெச்சு 21 பிரதிகள், இந்தத் தடவை வண்ணத்துல. தியாகராஜர் கிருதியை ஆளாளுக்குத் தன் பாணியில பாடற மாதிரி. இசைக் கலைஞர்களோட அவரும் இதை ஒப்பிட்டிருக்கார். 1890 மே மாசம், ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு நாற்காலியில குனிஞ்சு உட்கார்ந்திருக்கிற கிழவர் படம். அது 1882ல முதியோர் விடுதிக் கிழவரை வெச்சு அவரே வரைஞ்ச உருவம்தான். எட்டு வருஷம் கழிச்சு எண்ணெய் வண்ணத்துல திரும்ப வருது.

அப்புறம் ஓவேர் கிராமத்துக்கு வந்தார். நட்சத்திர இரவும் சூரியகாந்தியும் வரைஞ்சு முடிச்சாச்சு. அந்த நிலைமையில தியோவுக்குக் கடிதம் எழுதி என்ன கேக்கறார்? பார்க்கோட அந்தக் கரிக்கோல் பயிற்சித் தாள்களை அனுப்பி வை, 60ஐயும் மறுபடி வரையணும், உடம்போட அளவை விட்டுட்டா பின்னாடி கஷ்டப்படுவேன்னு. 1890 ஜூலை 29ம் தேதி இறந்துட்டார். வயசு 37.

திறமைன்னு ஒண்ணு இல்லவே இல்லைன்னு நான் சொல்ல வரலை. ஆனா அந்தத் திறமையே 27 வயசுல புள்ளி வெச்சுக் கோடு இழுத்துத்தான் ஆரம்பிச்சுது. 37 வயசுலயும் அந்தப் புள்ளியைக் கேவலமா நினைக்கலை.

பார்க்கோட தாள்கள் இன்னிக்கு இணையத்துல தேடினாலே கிடைக்கும், காப்புரிமை எப்பவோ முடிஞ்சாச்சு. ராத்திரி வேலை முடிஞ்சு லேப்டாப்பை மூடினப்புறம் ஒரு தாள்னு கணக்கு வெச்சா ரெண்டு மாசம். நான் இப்போ ஒன்பதாவது தாள்ல இருக்கேன். முழங்கால் இன்னும் முழங்கால் மாதிரி இல்லை. யாராவது கூட வர்றீங்களா?