இரண்டு பூட்டுள்ள பெட்டி



யூபிலி மலர் என்றால் மேதகு ஆயரின் ஆசியுரை இருக்கும். பங்கில் பணியாற்றிய குருக்களின் படங்கள் வரிசையாக இருக்கும். கோயில் எழும்பிய வரலாறு இருக்கும். இம்மலரிலும் இவையெல்லாம் உண்டு. ஆயினும் ஒரு பங்கு நிலைத்து நிற்பதற்கு வேறொரு கூட்டமும் காரணம். குருக்களாகிய நாங்கள் சில ஆண்டுகள் இருந்துவிட்டு மாற்றலாகிப் போய்விடுகிறோம். பிடியரிசி எடுத்தவர்களும், ஏழை வீட்டுச் சாவுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தவர்களும், நாற்பது பக்க நோட்டில் வரவு செலவு எழுதி வைத்தவர்களும் இங்கேயே இருக்கிறார்கள். பங்குப் பேரவை, புனித வின்சென்ட் தே பவுல் சபை, மாதர் சங்கம் ஆகியவற்றின் நிர்வாகிகளைத்தான் சொல்லுகிறேன். இவர்களுக்குச் சம்பளம் இல்லை. இம்மலரில் இவர்களுடைய பெயர்கள் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். இவர்களுடைய பரம்பரை எங்கே தொடங்கிற்று என்று கொஞ்சம் பார்ப்பது இவ்வேளையில் பொருத்தமாகும்.

அதற்கு வேறொரு காரணமும் உண்டு. இந்தக் கரிசல் காட்டில் நான் பணியாற்றிய ஊர்களிலெல்லாம், சங்கம், சபை, கமிட்டி என்று எது கூடினாலும் ஒரு பேச்சு காதில் விழும். "நான் என்ன சம்பளமா வாங்குறேன்? கைக்காசைப் போட்டு அலையுறேன். என்னையப் போயி கணக்குக் கேக்கிறீகளே!" இப்படிச் சொல்கிறவர் பெரும்பாலும் நல்லவர்தாம். திருடுகிறவன் இப்படிக் கோபப்படமாட்டான். கணக்கை அழகாக எழுதிக் கொண்டுவந்து வைப்பான். நல்லவர் கோபப்படுகிறார். கூலியில்லாமல் உழைப்பதால் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட்டோம் என்று அவர் மனதார நம்புகிறார். அந்த எண்ணம் சரிதானா என்று திருச்சபையின் வரலாற்றையும் தமிழ்நாட்டின் வரலாற்றையும் கேட்டுப் பார்ப்போம்.

திருச்சபையின் முதல் நிர்வாகக் குழு எருசலேமில் ஒரு மனத்தாங்கலிலிருந்து பிறந்தது. அப்போஸ்தலர் பணி நூலின் ஆறாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். கிரேக்க மொழி பேசிய விசுவாசிகள், அன்றாடப் பந்தியில் தங்கள் கைம்பெண்கள் விடுபட்டுப் போகிறார்கள் என்று முறுமுறுத்தார்கள். அப்போஸ்தலர்கள், "நாங்கள் ஆண்டவரோடு நடந்தவர்கள், எங்களையா சந்தேகிக்கிறீர்கள்?" என்று அவர்களை அதட்டியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சபையார் தாங்களே ஏழு பேரைத் தேர்ந்துகொள்ளட்டும் என்றார்கள். முடியப்பர், பிலிப்பு, புரொக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, அந்தியோக்கியா நகரத்து நிக்கொலா என்று எழுவரும் தெரிந்தெடுக்கப்பட்டார்கள். எல்லாம் கிரேக்கப் பெயர்கள். பெயர்களை வைத்துப் பார்த்தால், குறை சொன்ன கட்சியின் கையிலேயே அகப்பையைக் கொடுத்துவிட்டார்கள் போலும்! எந்த ஊர்க் கமிட்டியிலும் இவ்வளவு துணிவை நான் கண்டதில்லை.

புனித சின்னப்பரும் அப்படித்தான். எருசலேமின் ஏழைகளுக்காக அவர் பல சபைகளில் பணம் திரட்டினார். அதைக் கொண்டு செல்லும் காரியத்தில் தீத்துவோடு இன்னொரு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார். அந்தச் சகோதரர் சபைகளால் நியமிக்கப்பட்டவர். தொகை பெரியது, எவரும் குறை சொல்ல இடம் கொடுக்கலாகாது, கடவுள் முன்னிலையில் மட்டுமன்றி மனிதர் முன்னிலையிலும் காரியம் சீராக இருக்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில் காரணமும் சொல்லுகிறார். சின்னப்பரையே நம்பக்கூடாதா என்று கேட்டால், அவரே அப்படி நம்பச் சொல்லவில்லை.

இனி நம் தமிழ்நாட்டுக்கு வருவோம். காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்து வாரியங்களை அமைத்தார்கள். ஆண்டு வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர். பதவிக் காலம் 360 நாள். வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்கவேண்டும். கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதக்கூடாது.

பள்ளிப் பிள்ளைகளும் குடவோலையை அறிவார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டில் என்னை நிறுத்தி வைப்பது வேறொரு விதி. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடியும் வரக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய தாய்மாமன், மாமனார், மைத்துனன், அத்தை மகன், சித்தி மகன் என்று உறவுப் பட்டியல் நீளுகிறது. அவர்கள் பெயரும் குடத்தில் விழக்கூடாது. அண்ணன் எழுந்து தம்பியை உட்காரவைக்கும் வித்தை ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அதற்குக் கதவும் அடைத்திருக்கிறார்கள். அதேவேளையில் அந்தச் சபை பிராமணர்களின் சபை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவருக்கே இடம். ஏரியில் மண் வெட்டியவனுக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. கணக்கு விதியில் அவர்கள் நமக்கு ஆசான்கள். ஆளைச் சேர்க்கும் விதியில் எருசலேமே நமக்கு முன்மாதிரி.

இப்போது தலைப்பிலுள்ள பெட்டிக்கு வருகிறேன். 1617-ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் லியோன் நகருக்கு அப்பால் ஷாத்தியோன் என்ற சிற்றூர். அங்கே பங்குக் குருவாக வந்து சேர்ந்தவர் புனித வின்சென்ட் தே பவுல். ஆகஸ்டு மாதத்து ஞாயிறு ஒன்றில் அவர் பூசைக்கு உடை அணிந்துகொண்டிருந்தபோது, ஊருக்கு வெளியே ஒரு வீட்டில் அனைவரும் நோயாய்க் கிடக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கவும் ஆளில்லை என்று ஒரு பெண்மணி வந்து சொன்னார். பிரசங்கத்தில் சுவாமியார் இதை எடுத்துச் சொன்னார். மாலையில் அவ்வீட்டுக்கு நடந்து போனால், வழியெல்லாம் பெண்கள்! சிலர் உணவு கொண்டு போகிறார்கள். சிலர் கொடுத்துவிட்டுத் திரும்புகிறார்கள். வெயில் தாளாமல் வழியோரத்தில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு.

நாமாக இருந்தால் நம் மக்களின் தாராளத்தை மெச்சி அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில் புகழ்ந்திருப்போம். வின்சென்ட் அடிகளார் கவலைப்பட்டார். இன்றைக்கு வந்து குவிந்ததில் பாதி கெட்டுப்போகும். நாளைக்கு அந்த வீட்டு அடுப்பு மறுபடியும் எரியாது. அன்பு இருக்கிறது, ஒழுங்கு இல்லை என்று கண்டார். சில நாட்களிலேயே ஊர்ப் பெண்மணிகளைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் முறைவைத்து நோயாளிகளைக் கவனிக்கச் செய்தார். அவர்களுக்கென்று ஒரு சட்டதிட்டமும் எழுதினார். அந்த ஆண்டு நவம்பர் 24-இல் மேலிடத்து அங்கீகாரம் கிடைத்தது. டிசம்பர் 8, அமலோற்பவத் திருநாளன்று சபை முறையாக நிறுவப்பட்டது.

அந்தச் சட்டத்தில் நோயாளியின் முன் உணவை எப்படி எடுத்து வைக்கவேண்டும் என்பதுகூட எழுதியிருக்கிறது. அது தாயுள்ளம். பணத்தைப் பற்றிய பகுதியோ வேறு குரலில் பேசுகிறது. உறுப்பினர்களே ஒரு தலைவியையும், அவருக்குத் துணையாக இருவரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். துணையாளரில் ஒருவர் பொருளாளர். பணத்தை இரண்டு வேறு வேறு பூட்டுகள் உள்ள பெட்டியில் வைக்கவேண்டும். ஒரு சாவி தலைவியிடம், மற்றது பொருளாளரிடம். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் வெளியே இருக்கலாம். ஆண்டுக் கணக்கைப் பங்குக் குருவும் சபையினரும் கேட்க ஒப்புவிக்க வேண்டும். அந்தப் பெண்கள் எல்லாரும் வீட்டுச் சமையலறையிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள்; ஒரு காசும் கூலி வாங்கவில்லை. அவர்களுடைய பெட்டிக்கே இரண்டு பூட்டு!

இன்னொன்று. கிறிஸ்துமசுக்கு முன்பே அடிகளார் பாரிசுக்குத் திரும்பிவிட்டார். அவர் அவ்வூரில் இருந்தது ஐந்து மாதம்கூட நிறையவில்லை. சாவிகளில் ஒன்று பங்குக் குருவின் இடுப்பில் தொங்கியிருந்தால் அந்தச் சபையும் அவரோடு வண்டியேறியிருக்கும். அது தங்கிற்று; ஊர் ஊராகப் பரவிற்று; இன்று பல நாடுகளில் பெண்களின் அனைத்துலக அமைப்பாக இருக்கிறது. பிற்காலத்தில் அவரே தம் அனுபவத்தைச் சொல்லியிருக்கிறார்: ஆண்களும் பெண்களும் சேர்ந்திருந்த சபைகளில் நிர்வாகம் முழுவதையும் ஆண்கள் தங்கள் கைக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள், பெண்கள் அதைப் பொறுக்கவில்லை, பெண்கள் தனியே பார்த்த கணக்கில் குறை வரவில்லை. நம் மாதர் சங்கத்தார் இதைப் படித்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நம் பங்குகளில் பூசைக்குப் பின் கூடுகிற வின்சென்ட் தே பவுல் சபையை அடிகளார் தொடங்கவில்லை. அவரைப் பாதுகாவலராகக் கொண்டு இளைஞர் தொடங்கினர். 1833 ஏப்ரல் 23 அன்று பாரிசில் ஆறு கல்லூரி மாணவர்களும், எம்மானுவேல் பாயி என்ற பத்திரிகையாளரும் கூடினார்கள். மாணவரில் முக்கியமானவர் பிரடெரிக் ஓசானாம். அன்றுதான் அவருக்கு இருபது வயது நிறைந்தது. பாயி தலைவர். மாணவரில் தெவோ என்பவர் பொருளாளர். ஏழைகளின் வீடுகளை நெடுங்காலமாக அறிந்திருந்த அருட்சகோதரி ரோசாலி ரந்து, யார் வீட்டுக்குப் போகவேண்டும் என்று இவர்களுக்கு வழிகாட்டினார். கூட்டத்தின் முடிவில் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு இட்டார் என்பது மற்றவருக்குத் தெரியாது. இன்றும் அதே வழக்கம். கொடுத்தது யார் என்பது இரகசியம். செலவானது எப்படி என்பது இரகசியமல்ல. இந்த வேறுபாட்டை நம்மில் பலர் தலைகீழாக்கிவிட்டோம். நன்கொடையாளர் பெயர் ஒலிபெருக்கியில் மூன்று தடவை வருகிறது; செலவுச் சீட்டு ஒருவர் சட்டைப் பையில் கசங்குகிறது.

1861 அக்டோபரில் அந்தச் சபைக்குச் சோதனை வந்தது. மூன்றாம் நெப்போலியனின் உள்துறை அமைச்சர் பெர்சீஞி ஒரு சுற்றறிக்கை விட்டார். பின்னர் பாரிசுத் தலைமைக் குழுவின் தலைவரைப் பேரரசரே நியமிப்பார் என்ற நிபந்தனை வந்தது. கிளைகளின் கருத்தைக் கேட்டார்கள். பெரும்பாலானவை அதை ஏற்கவில்லை. தலைமைக் குழுவை இழந்தார்கள். தாங்கள் தெரிந்தெடுக்காத தலைவரை ஏற்கவில்லை. ஊர்க் கிளைகள் தாக்குப்பிடித்தன. ஓசானாம் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. 1853-இல் நாற்பது வயதில் மறைந்துவிட்டார். 1997 ஆகஸ்டு 22 அன்று திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பாரிசில் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

நம் வானம் பார்த்த பூமியிலும் இத்தகைய முயற்சி நடந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டம் பிரிவதற்கு முன், காரியாபட்டியும் திருச்சுழியும் அடங்கிய பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் சேவலூர் என்ற ஊர். வினோபாஜி கேட்டுப் பெற்ற பூமிதான நிலம் பல இடங்களில் தரிசாகவே கிடந்தது. நிலம் கிடைத்த ஏழைக்குக் கிணறும் இல்லை, மாடும் இல்லை. 1969-இல் லோகநாதன் என்ற சர்வோதயத் தொண்டரும், ஜியோவான்னி எர்மிலியா என்ற இத்தாலியப் பேராசிரியரும் சேவலூரில் அந்நிலத்தைப் பண்படுத்தும் வேலையைத் தொடங்கினார்கள். அதுவே அசேபா என்ற நிறுவனமாக வளர்ந்தது. பணம் கொடுத்தவர்கள் கடலுக்கு அப்பால் இருந்த சாதாரண இத்தாலியக் குடும்பங்கள். அவர்கள் கிணற்றை வந்து எட்டிப்பார்க்க முடியாது. எழுதியனுப்பும் கணக்குத்தான் அவர்களுக்குக் கிணறு.

நாட்டுச் சட்டமும் திருச்சபைச் சட்டமும் இதையே கேட்கின்றன. 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கத்துக்கு மூவருக்குக் குறையாத நிர்வாகக் குழு வேண்டும். அதன் உறுப்பினருக்கு மூன்றாண்டுக்கு மேல் ஒரே தவணையில் பதவி கிடையாது. 1983-இல் வெளிவந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 537-ஆம் விதி, ஒவ்வொரு பங்கிலும் நிதிக் குழு இருக்கவேண்டும் என்கிறது. இது குருவின் விருப்பத்துக்கு விட்டதன்று. 1287-ஆம் விதியோ, மக்கள் கொடுத்த காணிக்கையைப் பற்றி மக்களுக்கே கணக்குச் சொல்லவேண்டும் என்கிறது. மேற்றிராசனத்துக்கு அனுப்பிவிட்டேன், தணிக்கையாளர் பார்த்துவிட்டார் என்று நாங்கள் குருக்கள் சொல்லித் தப்ப இந்த விதி இடம் கொடுக்கவில்லை. கேள்வி கேட்கிறவனை விசுவாசக் குறைவுள்ளவன் என்று பீடத்திலிருந்து சாடுகிற பழக்கமும் நம்மில் சிலருக்கு உண்டு. எருசலேமின் முறுமுறுப்பை அப்போஸ்தலர்கள் அப்படிச் சாடியிருந்தால் நமக்கு முடியப்பர் கிடைத்திருப்பாரா?

கேட்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். டீக்கடைப் பெஞ்சில் கேட்பது கணக்குக் கேட்பதாகாது. ஆண்டுக் கூட்டத்துக்கு வராமல், நோட்டைப் புரட்டிப் பார்க்காமல், கண்மாய்க் கரையில் நின்றுகொண்டு "அவன் கட்டின வீட்டைப் பாத்தியா?" என்று சொல்வதால் நல்ல மனிதர் ஒருவர் பொறுப்பை விட்டு ஓடுகிறார், அடுத்த முறை அந்த இடத்துக்கு எவரும் வருவதில்லை. மழை பொய்த்து, கருவேல மூட்டம் போட்டுக் காலம் தள்ளும் குடும்பத்தில் ஒருவர் ஞாயிறு தவறாமல் சபை வேலைக்கு நேரம் ஒதுக்குகிறார் என்றால் அது இலேசான காரியமன்று. ஒரு நாள் கூலியை அவர் விட்டுக்கொடுக்கிறார். அவரைக் கூட்டத்தில் வைத்து, நோட்டை விரித்து, மரியாதையாகக் கேளுங்கள். அவரும் அதே மரியாதையோடு பதில் சொல்லட்டும்.

யூபிலி விழாவின் வரவு செலவு, கொட்டகை முதல் இம்மலர் அச்சிட்ட கூலி வரையில், திருநாள் முடிந்த மூன்றாம் ஞாயிறன்று கோயில் வாசற் பலகையில் ஒட்டப்படும். செலவுச் சீட்டுகள் அன்று முழுவதும் பங்குப் பேரவைச் செயலரிடம் பார்வைக்கு இருக்கும். அடுத்த நிர்வாகிகள் தேர்தலும் அன்று இரண்டாம் பூசைக்குப் பின் நடைபெறும். இருக்கிறவர்களில் தவணை முடிந்தவர்கள் நிற்பதில்லை என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்கள். உண்டியலுக்கு இதுவரை ஒரு பூட்டுத்தான் இருந்தது. இன்னொன்று வாங்கியாகிவிட்டது. அதன் சாவி மாதர் சங்கத்தார் தெரிந்தெடுக்கும் சகோதரியிடம் இருக்கும்.