கிணற்றில் விஷம்: ஒரு பழைய வதந்தியின் பயணம்

2020 ஏப்ரல், லாக்டவுன் நேரம். எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வீடியோ வந்தது. யாரோ ஒருத்தர் பழத்தில் எச்சில் தடவுறார். கீழே, "பாய்கிட்ட எதுவும் வாங்காதீங்க"ன்னு ஒரு வரி. எந்த ஊர், எப்போ எடுத்தது, ஒண்ணும் கிடையாது. எங்க தெருவில் வருஷக்கணக்கா தள்ளுவண்டியில் பழம் விற்கிறவர் மறுநாள் வந்து குரல் கொடுத்தார். யாரும் இறங்கலை. நானும்தான். வீடியோவை நான் நம்பலை, ஆனா குரூப்பில் ஒரு வார்த்தை போடலை. அந்த உறுத்தல்தான் என்னை 700 வருஷம் பின்னாடி கூட்டிட்டுப் போச்சு.

பிரான்ஸ், 1321. தொழுநோயாளிகள் கிணறுகளில் விஷம் கலக்கிறார்கள் என்று தென்பகுதியில் ஒரு பேச்சு கிளம்பியது. ஊருக்கு வெளியே விடுதிகளில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மனிதர்கள் அவர்கள். பிடித்துச் சித்திரவதை செய்தார்கள், கேட்டதையெல்லாம் ஒப்புக்கொண்டார்கள். ஜூன் 21 அன்று மன்னர் ஐந்தாம் பிலிப் கைது உத்தரவு போட்டார்.

ஆனா இவ்வளவு பெரிய சதிக்கு அவங்ககிட்ட காசு ஏது? கதைக்கு ஒரு ஃபைனான்சியர் தேவைப்பட்டார். யூதர்கள் பணம் கொடுத்தார்கள் என்றார்கள். சரி, யூதர்களைத் தூண்டியது யார்? கிரானடாவின் முஸ்லிம் மன்னர்! கிரானடா, தூனிஸ் மன்னர்கள் எழுதியதாக இரண்டு போலிக் கடிதங்களையும் தயாரித்தார்கள். பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் அவை இன்றைக்கும் இருக்கின்றன. ஷினோன் ஊரில் 160 யூதர்களை எரித்ததாக அன்றைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. மிச்சமிருந்த யூதர்கள் மேல் பெரிய அபராதம் விழுந்தது.

இதை நான் திரும்பத் திரும்பப் படிச்சேன். யூத வெறுப்பையும் இஸ்லாமிய வெறுப்பையும் இன்னைக்கு நாம எதிரெதிர் கட்சிகள் மாதிரி பேசுறோம். ஒண்ணைக் கண்டிச்சா இன்னொண்ணுக்குச் சலுகை கொடுக்கணும்கிற மாதிரி. 1321-ல் ரெண்டும் ஒரே வதந்திக்குள்ள இருந்தது.

அந்த விசாரணைகளில் ஒன்று பாமியே ஊர் ஆயர் ஜாக் ஃபூர்னியேவின் மன்றத்தில் நடந்தது. பின்னாளில் அவரே போப் பன்னிரண்டாம் பெனடிக்ட் ஆனார். துலூஸ் பகுதித் தொழுநோயாளிகள் குற்றமற்றவர்கள் என்று 1338-ல் அவர் பெயரிலேயே ஓர் ஆணை வந்தது. 17 வருஷம் கழிச்சு!

அடுத்த பத்து வருஷத்தில் பிளேக். இப்போ தொழுநோயாளிகளும் கிரானடாவும் கதையிலிருந்து நழுவிட்டாங்க, யூதர்கள் மட்டும் மிச்சம். 1348 செப்டம்பரில் போப் ஆறாம் கிளமென்ட் எளிமையாக ஒரு விஷயம் கேட்டார்: யூதர்களும்தானே சாகிறார்கள்? யூதர்களே இல்லாத ஊரிலும் நோய் இருக்கிறதே? பிரமாதமான ஃபேக்ட் செக். ஆனாலும் 1349 பிப்ரவரி 14 அன்று ஸ்ட்ராஸ்பர்க் நகரத்தின் யூதர்களை எரித்தார்கள். எதிர்ப்புத் தெரிவித்த நகரத் தலைவர்களைச் சில நாள் முன்புதான் பதவியிலிருந்து இறக்கியிருந்தார்கள். கொள்ளைநோய் அந்த ஊருக்கு இன்னும் வரவே இல்லை. யூதர்களிடம் வாங்கியிருந்த கடன் ரத்தானது, அவர்களுடைய ரொக்கத்தைப் பங்கு போட்டார்கள். போப்போட கேள்விக்கு யாரும் ஏன் பதில் சொல்லலைன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது.

தண்ணீர் மறுபடியும் வந்தது, 2020-ல், இலங்கையில். கோவிட்டில் இறந்தவர்களைப் புதைத்தால் நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி, முஸ்லிம்களின் உடல்களையும் கட்டாயமாக எரித்தது அரசு. புதைக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் இருந்தது. டிசம்பரில் பிறந்து 20 நாளான ஒரு குழந்தையை, பெற்றோரின் எதிர்ப்பை மீறி எரித்தார்கள். அதுக்கப்புறம் கொழும்பு பொரளை மயானத்து வேலியில் வெள்ளைத் துணி கட்ட ஆரம்பிச்சாங்க, கஃபன் துணியின் அடையாளமா. முஸ்லிம்கள் மட்டுமில்ல, மத்தவங்களும் வந்து கட்டினாங்க. அதிகாரிகள் அவிழ்க்க, திரும்பவும் கட்டினாங்க.

2021 பிப்ரவரி கடைசியில் தடை நீங்கியது. மட்டக்களப்பு மாவட்டம் ஓட்டமாவடியில் ஜனாஸாக்களை அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். பிறகு ஆய்வு செய்து பார்த்ததில், முறையாகப் புதைத்தால் நீர் கெடாது என்று தெரிந்தது. 2024 ஜூலையில் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.