பிரதியும் உரிமையும்: இலக்கமுறை ஒலிப்பதிவு நாடாவின் வரலாறு

ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்தோர் யாவரும் அறிந்த உண்மையொன்றுண்டு. ஓர் ஏட்டைப் பார்த்து மற்றோர் ஏடு எழுதப்படும்பொழுது எழுத்துப் பிழையும் பாட வேறுபாடும் புகுந்துவிடுகின்றன. பிரதிக்குப் பிரதி மூலத்தினின்றும் விலகிச் செல்கின்றது. ஆயினும் பெயர்த்தெழுதப்படாத ஏடு செல்லுக்கு இரையாகி அழிந்தொழிகின்றது. பிரதி செய்தால் பிழை, செய்யாவிடின் அழிவு என்னும் இம்முரண்பாடு எழுத்துக்கு மட்டும் உரியதன்று. மனிதன் ஒலியைச் சேமித்து வைக்கக் கற்றபொழுது ஒலிக்கும் அதுவே நேர்ந்தது. இம்முரண்பாட்டைத் தீர்க்கவல்லதென்ற எதிர்பார்ப்புடன் 1987ஆம் ஆண்டு யப்பானிலே விற்பனைக்கு வந்ததே இலக்கமுறை ஒலிப்பதிவு நாடாக் கருவியாகும். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து அதனை ‘டாற்’ என வழங்கினர். மூலத்துக்கும் பிரதிக்கும் வேறுபாடில்லாத நிலையை அக்கருவி தோற்றுவித்தது. அந்நிலையே அக்கருவிக்கு எதிராக வழக்குகளும் சட்டங்களும் எழக் காரணமாயிற்று. ஒரு தொழில்நுட்பத்தின் விதியை அதன் ஆற்றல் மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.

ஒலியைக் காந்தத்திலே பதிக்கலாமென்பதை முதன்முதல் செயலிற் காட்டியவர் டென்மார்க் நாட்டைச் சேர்ந்த வால்டமார் போல்சன் ஆவர். 1898இல் அவர் அமைத்த கருவி உருக்குக் கம்பியிலே குரலைப் பதித்தது. கம்பிக்குப் பதிலாக இரும்பு ஒட்சைட்டுத் தூள் பூசிய தாள் நாடாவைப் பயன்படுத்தும் முறைக்கு 1928இல் ஜேர்மனியிலே பிரிட்ஸ் புளொய்மர் காப்புரிமை பெற்றார். அவ்வழியில் ஏ.ஈ.ஜி. நிறுவனம் உருவாக்கிய ‘மக்னற்றோபோன்’ என்னும் இயந்திரம் 1935இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியிலே மக்கள் முன் வைக்கப்பட்டது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்தபின் அமெரிக்கப் படையிற் பணிபுரிந்த ஜோன் மலின் இத்தகைய இயந்திரங்கள் இரண்டைத் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். அவற்றைப் பின்பற்றி அம்பெக்ஸ் நிறுவனம் 1948இல் தன் முதல் நாடா இயந்திரத்தை வெளியிட்டது. 1963இல் பிலிப்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய சிறு கசெற் நாடா, ஒலிப்பதிவைக் கலையகத்தினின்றும் வீட்டுக்குக் கொண்டு வந்தது.

இக்கருவிகள் யாவும் ஒப்புமை முறையில் இயங்கியவை. ஒலியலையின் ஏற்றவிறக்கத்துக்கு ஒப்ப நாடாவின் காந்தச் செறிவும் ஏறியிறங்கும். நாடாவுக்கே இயல்பான இரைச்சலும், இயந்திரத்தின் வேகத்திலே நேரும் சிறு தடுமாற்றங்களும் ஒலியோடு கலந்து பதிவாகிவிடும். ஒரு நாடாவிலிருந்து மற்றொன்றுக்குப் பிரதி செய்யும்பொழுது முன்னைய இரைச்சலோடு புதிய இரைச்சலும் சேர்ந்துகொள்ளும். சில தலைமுறைப் பிரதிகளின் பின் குரலின் தெளிவு மங்கிவிடும். ஏடெழுதுவோரின் கைப்பிழை இங்கு காந்தத் துகள்களின் பிழையாக உருமாறியது எனலாம்.

இதற்கு மாற்றான சிந்தனை, தொலைபேசித் துறையிலே தோன்றியது. 1937இல் பிரான்சிலே பணியாற்றிய ஆங்கிலேயப் பொறியியலாளரான அலெக் றீவ்ஸ், ஒலியலையைச் சம கால இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் எண்ணாக மாற்றி அனுப்பும் முறையை வகுத்தார். அலையை அப்படியே பதிப்பதற்குப் பதிலாக, அதனை விவரிக்கும் எண்களைப் பூச்சியமும் ஒன்றுமாகப் பதிப்பதே இலக்கமுறைப் பதிவின் அடிப்படையாகும். நாடாவில் இரைச்சல் இருப்பினும் ஒன்று ஒன்றாகவும் பூச்சியம் பூச்சியமாகவும் வாசிக்கப்படும்வரை எண் மாறுவதில்லை. எண்களைச் சரியாகப் பெயர்த்தெழுதினால் நூறாவது பிரதியும் மூலத்தை ஒத்ததாகவே இருக்கும்.

இம்முறையை இசைப்பதிவுக்குப் பயன்படுத்துவதில் யப்பான் முன்னின்றது. யப்பானிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமான என்.எச்.கே.யின் ஆய்வுகூடம் ஹெய்ற்றாரோ நக்கஜிமாவின் தலைமையில் 1967இல் இலக்கமுறை ஒலிப்பதிவுக் கருவியொன்றை அமைத்தது. 1972இல் நிப்பொன் கொலம்பியா நிறுவனம் இம்முறையால் இசைத்தட்டுக்களுக்கான பதிவுகளைச் செய்யத் தொடங்கியது. அமெரிக்காவில் தோமஸ் ஸ்ரொக்கம் 1976இல் சாந்தா பே இசைநாடக அரங்கிலே தமது கருவியாற் பதிவு செய்தார். அக்காலத்தில் எண்களின் பெருந்தொகையைத் தாங்கவல்ல நாடா இயந்திரம் ஒளிப்பதிவுத் துறையிலேயே காணப்பட்டது. ஆதலால் சோனி முதலிய நிறுவனங்கள் ஒலியின் எண்களைத் தொலைக்காட்சிப் படத்தின் கோடுகளாக மாற்றி ஒளிநாடாவிற் பதித்தன. ஒரு கோட்டுக்கு 3 அளவுகள், ஒரு புலத்துக்கு 245 கோடுகள், செக்கனுக்கு 60 புலங்கள் எனப் பெருக்கினால் 44,100 கிடைக்கும். 1982இல் வெளிவந்த இறுவட்டின் மாதிரியெடுப்பு மீடிறன் 44.1 கிலோஹேட்ஸாக அமைந்தது இக்காரணத்தினாலேயே என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

இறுவட்டு ஒலியைக் கேட்பதற்கு உதவியதேயன்றி, அன்று வீட்டிலிருந்து பதிவு செய்ய உதவவில்லை. அவ்விடைவெளியை நிரப்ப முற்பட்டதே டாற் கருவியாகும். இரு செவிக்குரிய ஒலியைச் செக்கனுக்கு 48,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்கங்களால் எழுதினால், ஒரு செக்கனுக்கு 1,536,000 இலக்கங்கள் பெறப்படும். பிழை திருத்தத்துக்கான மேலதிக இலக்கங்களும் இவற்றுடன் சேரும். இத்துணையையும் அசையாத் தலையொன்றின்முன் மெதுவாக ஓடும் நாடாவிலே பதித்தல் எளிதன்று. எனவே ஒளிப்பதிவுக் கருவியிற்போலத் தலையையே சுழலச் செய்தனர். 30 மில்லிமீற்றர் விட்டமுள்ள உருளையொன்று நிமிடத்துக்கு 2,000 தடவை சுழலும். நாடாவோ செக்கனுக்கு 8.15 மில்லிமீற்றர் மட்டுமே நகரும். இது கசெற் நாடாவின் வேகத்தில் ஏறத்தாழ ஆறிலொரு பங்காகும். ஆயினும் உருளையின் சுழற்சியினால் தலைக்கும் நாடாவுக்கும் இடையிலான வேகம் செக்கனுக்கு 3 மீற்றருக்கு மேற்பட்டதாகின்றது. நாடாவின் குறுக்கே சாய்வாக விழும் ஒவ்வொரு தடத்தின் அகலமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரின் எழுபதில் ஒரு பங்கே. 73 மில்லிமீற்றர் நீளமும் 54 மில்லிமீற்றர் அகலமும் கொண்ட பேழைக்குள் 60 மீற்றர் நாடா அடங்கி, இரண்டு மணி நேர இசையைத் தாங்கியது.

இத்துணை நுண்மையான கருவியைக் கையாளுதற்குப் பழைய பழக்கங்கள் சிலவற்றைக் கைவிட வேண்டியிருந்தது. முதலாவது, ஒலியளவை அமைத்தல். ஒப்புமை நாடாவில் ஒலி சற்று மிகுந்தாலும் நாடா அதனை மென்மையாகவே சிதைக்கும். இலக்கமுறையில் பூச்சிய டெசிபெல் என்பது கடக்கவியலாத எல்லை. அதற்கு மேற்பட்ட அலையை எழுத எண் இல்லாமையால் அலையின் முடி வெட்டப்பட்டுக் கரகரப்பாக ஒலிக்கும். ஆதலால் தேர்ந்த பதிவாளர் வழக்கமான அளவை அவ்வெல்லைக்கு 18 அல்லது 20 டெசிபெல் கீழே நிறுத்தி, எதிர்பாராத ஓங்கிய ஒலிக்கு இடம் விட்டனர். இரண்டாவது, மீடிறனைத் தெரிதல். இறுவட்டுக்குரிய பதிவாயின் 44.1 கிலோஹேட்ஸும், ஒலிபரப்புக்குரியதாயின் பெரும்பாலும் 48 கிலோஹேட்ஸும் தெரியப்பட்டன. மூன்றாவது, நாடாவைத் தொடர்ச்சியாக எழுதுதல். நாடாவின் தொடக்கத்திலே சிறிது நேரம் மௌனத்தைப் பதித்து, அதன்பின் வெற்றிடமின்றிப் பதிவைத் தொடர வேண்டும். இடையிலே பதியாத பகுதி நேரின் கருவி எழுதிச் செல்லும் காலக் கணக்கு அறுந்துபோகும். பின்னர் உரிய இடத்தைத் தேடிப் பிடித்தல் அரிதாகும். ஒவ்வொரு பாடலின் தொடக்கத்திலும் இடப்படும் தொடக்கக் குறி, ஒலியோடு கலவாமல் தனியாக எழுதப்பட்டமையால், அதனைப் பின்னர் சேர்க்கவும் நீக்கவும் முடிந்தது.

நான்காவதாக, ஈரத்தைக் குறித்த எச்சரிக்கை. குளிரூட்டிய அறையிலிருந்து வெப்பமும் ஈரமும் மிக்க வெளிக்குக் கருவியைக் கொண்டு வந்தால் உருளையின்மீது பனிநீர் படியும். நாடா அதில் ஒட்டிக் கிழியாவண்ணம் கருவி தானாகவே இயக்கத்தை நிறுத்திவிடும். பதிவைத் தொடங்குவதற்கு முன்னரே கருவியை வெளிச் சூழலிலே வைத்து உலரவிட வேண்டியிருந்தது.

இத்தகைய கருவி மக்கள் கைக்கு வருவதை இசைத்தட்டு நிறுவனங்கள் அச்சத்துடன் நோக்கின. வீட்டில் ஒளிநாடாவிற் பதிவு செய்தல் பற்றிய வழக்கில் 1984இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் சோனிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்திருந்தது. எனினும் ஒப்புமைப் பிரதி மங்கும் பிரதி. இலக்கமுறைப் பிரதியோ மூலத்துக்குச் சமமானது. ஒருவர் வாங்கிய இறுவட்டிலிருந்து ஆயிரம் மூலங்கள் பிறக்குமாயின் தம் வருவாய் என்னாகும் என்பதே அந்நிறுவனங்களின் வினா. இதற்கு விடையாக சி.பி.எஸ். நிறுவனம் ஒரு தந்திரத்தை முன்வைத்தது. இசையிலிருந்து 3,800 ஹேட்ஸ் அளவிலான ஒரு சிறு மீடிறன் பட்டையை அகற்றிவிட்டால், அக்குறைபாட்டைக் கண்ட கருவி பதிவு செய்ய மறுக்கும் என்பது அதன் ஏற்பாடு. பியானோவின் உயர் சுரங்கள் ஒலிக்கும் எல்லைக்குள்ளேயே அப்பட்டை அமைந்திருந்தது. இசையைக் காப்பதற்கு இசையின் ஒரு பகுதியையே வெட்டியெறிதல் என்பது நகைப்புக்கிடமான முரண்பாடன்றோ? 1988இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகம் இம்முறையைச் சோதித்து, அது தன் நோக்கத்தை நிறைவேற்றவில்லையெனவும் இசையைப் பாதிக்கின்றதெனவும் அறிவித்தது. அவ்வாண்டிலேயே சி.பி.எஸ். இசைத்தட்டுப் பிரிவு சோனி நிறுவனத்துக்கு உடைமையாயிற்று. கருவியை ஆக்கியோரும் இசைக்கு உரிமை கோரியோரும் ஒரே கூரையின்கீழ் வந்தமை இவ்வரலாற்றின் முக்கிய திருப்பமாகும்.

1989இல் கருவி உற்பத்தியாளரும் இசைத்தட்டு நிறுவனங்களும் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரிலே ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். அதன்படி மூலத்திலிருந்து இலக்கமுறைப் பிரதி எடுக்கலாம். பிரதியிலிருந்து மறுபிரதி எடுத்தலைக் கருவி தடுக்கும். 1990இல் அமெரிக்காவில் இக்கருவி விற்பனைக்கு வந்ததும் பாடலாசிரியர் சமி கான் முதலியோர் வழக்குத் தொடர்ந்தனர். 1992 ஒக்ரோபரில் நிறைவேறிய சட்டமொன்று பிரதிக் கட்டுப்பாட்டைக் கட்டாயமாக்கியது. இலக்கமுறைப் பதிவுக் கருவிகளின்மீது 2 வீதமும் வெற்று நாடாக்களின்மீது 3 வீதமும் உரிமைக் கட்டணம் விதித்தது. கலைஞரின் உழைப்புக்கு ஊதியம் கிடைத்தல் வேண்டுமென்பதில் எவரும் மாறுபடார். ஆயினும் இக்கட்டுப்பாடு பிறர் இசையை மட்டும் கட்டவில்லை. வீட்டுக் கருவியொன்றின் ஒலிவாங்கி மூலம் ஒருவர் தம் பாட்டியின் குரலைப் பதிவு செய்தாலும், அப்பதிவிலிருந்து ஒரு தலைமுறைப் பிரதிக்கு மேல் இலக்கமுறையில் எடுக்க அக்கருவி இடந்தரவில்லை. உரிமையாளர் தாமேயாயினும் அவர் கள்வரெனவே கருதப்பட்டார்.

கட்டுப்பாடும் வழக்கும் தந்த தாமதத்தோடு விலையுயர்வும் சேர, டாற் கருவி வீடுகளிலே கசெற்றின் இடத்தைப் பிடிக்கவில்லை. தொழில் வல்லோருக்கான கருவிகளுக்கு இக்கட்டுப்பாட்டிலிருந்து விலக்கு இருந்தமையால், ஒலிப்பதிவுக் கலையகங்களும் வானொலி நிலையங்களும் அதனை ஏற்றுக்கொண்டன. தோளிற் கொண்டு செல்லத்தக்க சிறு கருவிகள் வந்தபின், நாட்டார் பாடல்களையும் வாய்மொழி வரலாறுகளையும் சேகரித்த ஆய்வாளர்களும் அதனை நாடினர். 1989இல் இதே நாடாவைக் கணினித் தரவுகளைச் சேமிக்கவும் பயன்படுத்தத் தொடங்கினர். ஆனால் சட்டம் நாடாவைக் காவல் செய்துகொண்டிருக்க, பிரதி வேறு வழியாற் சென்றது. பொதுப் பயன்பாட்டுக் கணினி அச்சட்டத்தின் எல்லைக்குள் அடங்கவில்லை. 1990களின் இறுதியில் இசை கணினிக் கோப்பாகி உலகெங்கும் பரவிற்று. 2005இல் சோனி நிறுவனம் டாற் கருவிகளின் உற்பத்தியை முடிவுக்குக் கொண்டு வந்தது.

கருவியின் மறைவோடு சிக்கல் முடிந்துவிடவில்லை. ஒப்புமை நாடா முதுமையடையும்பொழுது இரைச்சல் மிகும். எனினும் குரல் கேட்கும். இலக்கமுறை நாடாவில் இழந்த இலக்கங்களைப் பிழை திருத்த முறை ஓரளவுவரை முழுமையாக மீட்கும். அவ்வளவு கடந்ததும் ஒலி திடீரென அறுந்து மௌனமாகிவிடும். தடங்கள் மிக ஒடுங்கியவையாதலின், சீர் குலைந்த கருவியிற் பதிந்த நாடாவை வேறொரு கருவி வாசிக்க மறுப்பதுமுண்டு. உதிரிப் பாகங்கள் அருகி வர, கருவிகளும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. ஒலி ஆவணக் காப்பகங்களின் சர்வதேசச் சங்கம் இந்நாடாக்களைக் கணினிக் கோப்புக்களாக மாற்றுமாறு வற்புறுத்தி வந்துள்ளது. 2019இல் யுனெஸ்கோவும் அச்சங்கமும் இணைந்து, காந்த நாடாக்களை இயக்கும் கருவிகள் விரைவில் கிடையாமற் போகுமென உலகை எச்சரித்தன. போல்சன் காலத்துக் கம்பியினும் முப்பது ஆண்டுப் பழமையான இந்நாடாக்களைக் குறித்துக் காப்பகத்தார் அஞ்சவேண்டியிருப்பது சிந்தனைக்குரியது.

இவ்வரலாறு புலப்படுத்தும் உண்மை தெளிவானது. பிழையற்ற பிரதியை ஆக்கும் ஆற்றல் வேறு. அப்பிரதியைப் பரப்பும் சமூக ஏற்பாடு வேறு. முன்னையதை யப்பானியப் பொறியியலாளர் வியக்கத்தக்க முறையிற் சாதித்தனர். பின்னையதை வணிக நலன்களின் இழுபறி தீர்மானித்தது. பிழை மலிந்த ஏடுகள் நூற்றாண்டுகளைக் கடந்து வந்தமைக்குக் காரணம் அவை துல்லியமாக எழுதப்பட்டமையன்று; மீண்டும் மீண்டும் பலர் கையால் எழுதப்பட்டமையேயாம். துல்லியமே உருவான நாடாவோ பெட்டிக்குள் தனித்துக் கிடந்து ஊமையாகின்றது. இன்னும் இயங்கும் கருவிகள் சில எஞ்சியுள்ள இக்காலத்திலேயே அந்நாடாக்களிலுள்ள குரல்களைப் பெயர்த்தெழுதுதல் வேண்டும். அப்பணி பொறியியலாளருக்கு மட்டும் உரியதன்று. அக்குரல்களைத் தமதெனக் கருதும் சமூகங்கள் அனைத்துக்கும் உரியதாகும்.