விட்டுவிட்டு எரியும் எச்சரிக்கை விளக்குகள்

நவீன கார்களின் டேஷ்போர்டில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத எச்சரிக்கை விளக்குகள் திடீரெனச் சேர்ந்து எரிவதும், வண்டியை அணைத்து மறுபடி கிளப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் மறைந்துவிடுவதும் பரவலாகக் காணப்படும் மின்கோளாறு. ஏபிஎஸ், பவர் ஸ்டியரிங், ஏர்பேக், டயர் காற்றழுத்தம் ஆகிய நான்கும் ஒரே நிமிடத்தில் தனித்தனியாகப் பழுதாவது மிக அரிது. நான்குக்கும் பொதுவாக இருப்பது 12 வோல்ட் மின்சாரம். எனவே முதலில் பார்க்க வேண்டியவை பேட்டரி, டெர்மினல், எர்த் ஒயர், ஆல்டர்னேட்டர் ஆகியவை. பட்டறைகளில் பெரும்பாலும் இவற்றின் முறை கடைசியில்தான் வருகிறது, ஸ்கேனர் காட்டிய சென்சாரை மாற்றிப் பணம் செலவான பிறகு.

பின்னணி

1912-இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் வந்தபோது பேட்டரிக்கு முக்கிய வேலை இன்ஜினைக் கிளப்புவதுதான். அதன்பின் பல பத்தாண்டுகள் பேட்டரி பலவீனமானால் ஓட்டுநருக்கு நேராகவே தெரிந்தது: செல்ஃப் இழுக்காது, ஹெட்லைட் மங்கும், ஹார்ன் கம்மும். கணினிகள் வண்டிக்குள் புகுந்ததும் இந்த வெளிப்படையான அறிகுறிகள் மாறின. பாஷ் நிறுவனம் 1983-இல் தொடங்கி 1986-இல் டெட்ராய்ட் மாநாட்டில் அறிமுகப்படுத்திய கேன் பிணையம், இன்ஜின், பிரேக், ஸ்டியரிங் கணினிகளை ஒரே சோடிக் கம்பியில் பேச வைத்தது. இன்று நடுத்தரக் காரிலும் இத்தகைய கணினிகள் பல உண்டு. ஒன்று சில நொடி மௌனமானால், அதன் தகவலை எதிர்பார்த்திருக்கும் மற்றவை ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு புகாரைப் பதிந்து ஒரு விளக்கை ஏற்றும்.

மின்னழுத்தமும் புகார்களும்

ஈய அமில பேட்டரியில் ஆறு அறைகள். அறைக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறி ஓய்ந்திருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டோ சற்று கூடுதலாகவோ காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே என்றால் கிட்டத்தட்டக் காலி. இன்ஜின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் வழக்கமாக 13.8 முதல் 14.7 வரை தரும். எரிபொருளை மிச்சப்படுத்த இந்த அளவை வேண்டுமென்றே ஏற்றி இறக்கும் வண்டிகளும் இருப்பதால், ஒரு கணம் மல்டிமீட்டரை வைத்து எடுத்த அளவை மட்டும் நம்ப முடியாது.

ஓய்வில் 12.6 காட்டும் பேட்டரியும் சுமை ஏறினால் சரிந்துவிடலாம். செல்ஃப் மோட்டார் சுழலும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அப்போதும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது வழக்கமான அளவுகோல். இறங்கினால் சில கணினிகள் அரைகுறையாக விழித்து, சில விழிக்காமலே இருந்து, ஒன்றையொன்று காணவில்லை என்று பதிவு செய்யும். ஸ்கேனரில் ‘யு’ எழுத்தில் தொடங்கும் தொடர்புக் குறியீடுகள் வரிசையாக வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். கூடவே பி 0562, அதாவது மின்னழுத்தம் குறைவு, இருந்தால் சந்தேகம் வலுக்கும்.

பேட்டரியே நல்லதாக இருந்தும் கோளாறு வரலாம். டெர்மினலில் பூத்த வெள்ளை, நீலப் பொடியோ பாடியில் தளர்ந்த எர்த் போல்ட்டோ 0.01 ஓம் தடையைச் சேர்த்தால் போதும்: 200 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட் அங்கேயே தொலைந்துவிடும். வண்டி குலுங்கும்போதும் சூடேறும்போதும் இந்தத் தடை கூடிக் குறையும். வேகத்தடையில் ஏறும்போது வரும் எச்சரிக்கை நேர்ச்சாலையில் காணாமல் போவது இதனால்தான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இன்ஜின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து அளந்தால் குட்டு வெளிப்படும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் பாதையைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

நின்ற வண்டியின் பசி

பூட்டி நிறுத்திய பின்னும் அலாரம், ரிமோட் ரிசீவர், கடிகாரம் போன்றவை சிறிது மின்சாரம் எடுத்துக்கொண்டிருக்கும். 50 மில்லி ஆம்பியர் வரை இயல்பு. அந்தக் கணக்கிலேயே நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி போகும். 45 ஆம்பியர் மணி பேட்டரி மூன்று வாரத்துக்குள் பாதியாகிவிடும். 2020 ஊரடங்கில் வாசலிலேயே நின்ற கார்கள் பல கிளம்ப மறுத்ததில் வியப்பில்லை. டேஷ்கேம், வெளியில் வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோ, ஜிபிஎஸ் கருவி ஆகியவை தவறான ஒயரில் இணைக்கப்பட்டு கணினிகளைத் தூங்கவிடாமல் செய்தால் அரை ஆம்பியர் கசிவது எளிது. அப்போது பாதி சார்ஜ் இரண்டே நாளில் போய்விடும்.

சார்ஜ் குறைந்த நிலையிலேயே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டிகளுக்கு நேரும் கதி இது. வெப்பமும் ஆயுளைத் தின்னும்: சராசரி வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. சென்னை, மதுரை வெயிலில் மூன்று நான்கு ஆண்டுகளில் பேட்டரி ஓய்ந்தால் தயாரிப்பாளரைத் திட்டுவதில் பொருளில்லை.

தடயம் அழியும் விதம்

அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கட்டாயமான ஓபிடி இரண்டாம் தலைமுறை முறைப்படி, புகை தொடர்பான பழுது பதிவாகும்போது அந்தக் கணத்தின் வேகம், இன்ஜின் சூடு முதலியவையும் சேமிக்கப்படும். கோளாறு மறுபடி தலைகாட்டாவிட்டால் மூன்று ஓட்டச் சுற்றுகளுக்குப் பின் செக் இன்ஜின் விளக்கு தானே அணையும். குறியீடு மட்டும் இன்னும் பல சுற்றுகளுக்கு நினைவில் இருக்கும். விட்டுவிட்டு வரும் கோளாறுக்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றி மாட்டி ‘ரீசெட்’ செய்யும் பழக்கம் அந்தச் சாட்சியைத்தான் முதலில் அழிக்கிறது. இன்ஜின் ஓடும்போதே டெர்மினலைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிக்கும் பழைய முறை இன்னும் மோசம்: அந்த நொடியில் மின்னழுத்தம் பல பத்து வோல்ட்டுக்குத் துள்ளி, நல்ல கணினிகளையும் கெடுக்கக்கூடும்.

எல்லாப் பழியையும் பேட்டரி மேல் போட்டுவிடவும் முடியாது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஏர்பேக் விளக்கு எரிந்து ஹார்னும் ஒலிக்காவிட்டால், உள்ளிருக்கும் சுருள் நாடா அறுந்திருக்கலாம். ‘சாவி இல்லை’ என்று வண்டி சொன்னால் சாவிக்குள் உள்ள 3 வோல்ட் பட்டன் செல்லை மாற்றிப் பார்ப்பது மலிவான வழி. எலி கடித்த ஒயர்கள் தனி அத்தியாயம். ஹோண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் ஏற்றிய நாடாவையே இதற்காக விற்கிறது.

ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கு

விட்டுவிட்டு வரும் மின்கோளாறு எவ்வளவு காலம் மறைந்திருக்க முடியும் என்பதற்கு செவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் கார்களின் இக்னிஷன் சுவிட்ச் சான்று. உள்ளே சுவிட்சைப் பிடித்து நிறுத்தும் அமைப்பு பலவீனமானது. கனமான சாவிக்கொத்தோ ஒரு குலுக்கலோ போதும், ஓடும் நிலையிலிருந்து சாவி நழுவிவிடும். இன்ஜின் அணையும், பவர் ஸ்டியரிங் போகும், மோதினால் ஏர்பேக் விரியாது. மறுபடி முடுக்கினால் வண்டி ஓடும். 2006-இல் பாகத்தைத் திருத்தியவர்கள் அதன் எண்ணை மாற்றவில்லை. பழையதையும் புதியதையும் பிரித்தறிய முடியாமல் விசாரணைகள் தடுமாறின. 2014-இல் ஏறத்தாழ 26 லட்சம் கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதி 124 மரணங்களுக்குப் பொறுப்பை ஏற்றது.

மின்சாரக் கார்களில்

பெரிய பேட்டரி இருப்பதால் மின்சாரக் காருக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பது தவறு. நூற்றுக்கணக்கான வோல்ட் தரும் பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் சுவிட்சுகளை மூடுவதே பெரும்பாலான வண்டிகளில் ஒரு சிறிய 12 வோல்ட் பேட்டரிதான். அது செத்தால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தும் கார் விழிக்காது. சிலவற்றில் கதவுகூடத் திறக்காது. ஆல்டர்னேட்டருக்குப் பதில் ஒரு மின்மாற்றுக் கருவி அதைச் சார்ஜ் செய்கிறது. ஹூண்டாய் அயோனிக் 5 கார்களில் அந்தக் கருவி பழுதாகி 12 வோல்ட் பேட்டரி சார்ஜ் இழக்கக்கூடும் என்பதால், 2024-இல் அமெரிக்காவிலும் இந்தியாவிலும் அவை திரும்ப அழைக்கப்பட்டன.