புதுச்சேரித் துட்டும் இருபத்தைந்து லட்சமும்

அம்மா போன வருடம் மார்கழியில் காலமானார்கள். காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா, நான், தம்பி மூவரும் உட்கார்ந்து வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொண்டோம். பித்தளை அண்டா அக்காவுக்கு, தேக்கு அலமாரி தம்பிக்கு, புத்தகங்கள் எனக்கு. யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. கடைசியில் மிஞ்சியது ஒரு பழைய பிஸ்கட் டப்பா. அதில் எங்கள் ஆயா காலத்துக் காசுகள் இருந்தன. "உன்கிட்டயே இருக்கட்டும்" என்று இருவரும் என்னிடம் விட்டுவிட்டுப் போனார்கள்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பி தொலைபேசியில் கூப்பிட்டான். குரல் சரியாக இல்லை.

"அண்ணே, அந்த டப்பாவில ராமர் பட்டாபிஷேகம் போட்ட காசு ஒண்ணு இருந்துச்சே, பத்திரமா இருக்கா?"

"இருக்குடா. ஏன்?"

"அது இருபத்தஞ்சு லட்சம் போகுதாம். உனக்குத் தெரியுமா?"

அந்த "உனக்குத் தெரியுமா" என்ற கேள்வியில் ஒரு முள் இருந்தது. தெரிந்துதான் வாங்கி வைத்துக்கொண்டாயா என்று அவன் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அப்படித்தான் கேட்டது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

முப்பத்து நான்கு வருடம் அரசாங்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். ஒரு காகிதம் கையில் வந்தால் யார் எழுதியது, எந்தத் தேதி, எந்த முத்திரை, யாருக்கு எழுதியது என்று பார்த்துப் பழகியவன். மறுநாள் காலை டப்பாவை மேசைமேல் கொட்டி, ஒவ்வொரு காசையும் ஒரு கோப்பைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்ததை இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒரு டப்பா இருக்கலாம்.

டப்பாவில் இருந்தவை: 21 வெள்ளி ரூபாய், 2 சின்ன வெள்ளிப் பணம், 4 செம்புத் துட்டு, தம்பி சொன்ன ராமர் காசு ஒன்று.

முதலில் துட்டைச் சொல்லிவிடுகிறேன். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் சரித்திர ஆசிரியர் ஒருநாள் வகுப்புக்கு இப்படி ஒரு துட்டைக் கொண்டுவந்து காட்டினார். காசில் உள்ள எழுத்துக்குப் பிரெஞ்சில் 'லெஜாந்த்' என்று பெயர். படிக்கப்பட வேண்டியது என்பது அந்தச் சொல்லின் மூலப் பொருள். கட்டுக்கதைக்கும் அதே சொல்தான். "காசை விலை கேட்காதே, முதலில் லெஜாந்தைப் படி" என்பார் அவர்.

படித்தால் என்ன தெரிகிறது? துட்டின் ஒரு பக்கம் லிஸ் பூ, பிரெஞ்சு ராஜாக்களின் சின்னம். மறுபக்கம் சுத்தத் தமிழில், மூன்று வரியாக உடைத்து, 'புதுச்சேரி' என்று நம் ஊர்ப் பெயர். காரைக்கால் பெயர் பொறித்த செப்புக்காசும் உண்டு. சின்ன வயதில் 'பூவா தலையா' போடுவோமே, இந்தக் காசில் போட்டால் 'பூவா ஊரா' என்றுதான் கேட்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் ஏன் தமிழில் அடித்தார்கள்? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

கடல் கடந்து வந்த பிரெஞ்சுக் கும்பனி, துணி வாங்க ஐரோப்பாவிலிருந்து வெள்ளிக் கட்டிகளைக் கொண்டுவந்தது. ஆனால் இங்கே நெசவாளிக்கும் வியாபாரிக்கும் கட்டியாகக் கொடுத்தால் வாங்கமாட்டார்கள், ரூபாயாக வேண்டும். கட்டியை ரூபாயாக்க வேறொருவரின் அக்கசாலைக்கோ ஷராப்பிடமோ போனால் ஒவ்வொரு தடவையும் நஷ்டம். அதனால் கவர்னர் துய்மா பெரும்பாடு பட்டு, 1736-இல் ஆற்காட்டு நவாப் தோஸ்து அலிகானிடம் புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்கும் உரிமை வாங்கினார். ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பை எழுதத் தொடங்கியதும் அதே 1736-இல்தான்.

அப்படி அடித்த ரூபாயில் பிரெஞ்சு ராஜாவின் பெயர் இல்லை. தில்லி பாதுஷாவின் பெயர் பாரசீக எழுத்தில், அடித்த இடம் ஆற்காடு என்று. புதுச்சேரியில் அடித்தது என்பதற்கு ஓரத்தில் ஒரு பிறைக்குறி மட்டும். பெரிய வியாபாரி நம்புவது பாதுஷா பெயரை என்பதால் பாதுஷா பெயர். எட்டுப் பணம் ஒரு ரூபாய். அந்தப் பணத்தில் கிரீடமும் லிஸ் பூக்களும். கடைத்தெருவில் கீரை வாங்குகிறவர் கையில் புழங்கும் துட்டிலோ தமிழ் எழுத்து. எந்தக் காசு யார் கைக்குப் போகும் என்று தெரிந்து, அவரவருக்குப் பழகிய எழுத்தில் அடித்திருக்கிறார்கள்.

பெயர்களும் அப்படியே. நம் பணத்தைப் பிரெஞ்சில் 'ஃபனோன்' என்றார்கள், காசை 'காஷ்' என்றார்கள், துட்டை 'தூதூ' என்றார்கள். துட்டு என்ற சொல் நமக்கு டச்சுக்காரரின் 'டொய்ட்' என்ற செப்புக்காசிலிருந்து வந்தது. டச்சுச் சொல் தமிழாகி, தமிழ்ச் சொல் பிரெஞ்சாகி, இன்றும் நம் வாயில் "துட்டு இல்லப்பா" என்று நிற்கிறது.

1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து ஊரை இடித்துத் தள்ளினார்கள். ஊர் திரும்பி வந்தது, மறுபடி போனது, 1816-இல்தான் நிலையாகப் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே இங்கே காசு அடிப்பது நின்றுபோய், பிரிட்டிஷ் இந்திய ரூபாயே இங்கும் புழங்கியது. பாங்க் தெ லாந்தோஷீன் என்ற வங்கி 'ரூப்பி' என்று நோட்டு வெளியிட்டது, ஆனால் நாணயம் ஆங்கிலேயருடையதுதான். எங்கள் ஆயா பிரெஞ்சுக் கொடியின் கீழ் வாழ்ந்தும் டப்பாவில் விக்டோரியா ராணியைச் சேர்த்து வைத்ததன் ரகசியம் இதுதான்.

இனி விலை விஷயம். தம்பி அனுப்பிய இணைய விளம்பரங்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன்.

ஒன்றில் '1862 ராணி ரூபாய், 160 வருடப் பழமை, 5 லட்சம்' என்று இருந்தது. எங்கள் டப்பாவிலேயே 1862 ரூபாய் ஆறு இருக்கின்றன! காரணம் எளிது. அந்தக் காலத்தில் ரூபாயில் 1862 என்ற ஆண்டை மாற்றாமலே பத்து வருடத்துக்கும் மேல் அடித்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அந்த ஆண்டு போட்ட ரூபாய் ஏராளம். வெள்ளி விலைக்குக் கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான்.

பழமை வேறு, அருமை வேறு. ராஜராஜ சோழன் பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் வருடம் பழையது. நிறையக் கிடைப்பதால் சாதாரண நிலையில் உள்ளதைச் சில நூறு ரூபாய்க்கு வாங்கலாம். ஆனால் ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய், நேற்று வந்தது போன்றதுதான், அபூர்வம். அதனாலேயே வேறு ஆண்டு ரூபாயில் எண்ணைச் செதுக்கி 1939 ஆக்கி விற்கிறவர்களும் இருக்கிறார்கள். கடைசி எண்ணை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்காமல் யாரும் பணம் கொடுக்கக் கூடாது.

இன்னொன்றில், 2012-இல் வெளியிட்ட வைஷ்ணவி தேவி உருவமுள்ள ஐந்து ரூபாய் நாணயத்துக்குப் பத்து லட்சம். ஏராளமாக அடித்துப் புழக்கத்தில் விட்ட காசு அது. கடைக்காரர் சில்லறையாகக் கொடுத்தாலும் கொடுப்பார்.

இந்த விலையெல்லாம் விற்கிறவன் எழுதிய விலை. அந்த விலைக்கு ஒருவன் வாங்கினான் என்பதற்கு அத்தாட்சி எங்கே? அலுவலகத்தில் மனுவில் கேட்ட தொகையும், அனுமதித்த தொகையும் வேறு வேறு பத்தியில் வரும். காசு விற்பனையும் அப்படித்தான். உண்மை விலை தெரிய வேண்டுமானால், பதிவு பெற்ற ஏல நிறுவனங்கள் ஏலம் முடிந்த பிறகு வெளியிடும் தொகையைப் பார்க்க வேண்டும். அதிலும் நம் காசு எந்த அளவு தேய்ந்திருக்கிறதோ அதே நிலையில் உள்ள காசோடு ஒப்பிட வேண்டும்.

கடைசியாக ராமர் காசு. ஒரு பக்கம் பட்டாபிஷேகக் காட்சி, மறுபக்கம் 'கிழக்கிந்தியக் கும்பனி 1818' என்று ஆங்கிலத்தில், தொகை இரண்டு அணா. கும்பனியார் மதராஸில் சுவாமி உருவம் போட்டு வராகன் அடித்தது உண்மை. ஆனால் அது சுண்டுவிரல் நகமளவு பொன்காசு. ராமரையும் அனுமாரையும் போட்டு 1818-இல் அவர்கள் இப்படி ஒரு செப்புக்காசு அடித்ததே இல்லை. பூஜைக்காகப் பிற்காலத்தில் செய்து, பழமை தெரியக் கும்பனி பெயரையும் ஒரு ஆண்டையும் போட்டு விற்ற வில்லை அது. இதையே அரிசியை இழுக்கும், இரிடியம் இருக்கிறது என்று சொல்லிக் கோடிக்கணக்கில் ஏமாற்றியவர்களைப் போலீஸ் பிடித்த செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

தராசில் ரூபாய்களை நிறுத்தும் பார்த்தேன். 1835 முதல் வெள்ளி ரூபாயின் எடை 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம். எங்கள் 21-இல் பத்தொன்பது சரியாக இருந்தன. இரண்டு 1940-க்குப் பிந்தியவை, அவற்றில் பாதிதான் வெள்ளி.

ஞாயிற்றுக்கிழமை அக்காவையும் தம்பியையும் சாப்பிடக் கூப்பிட்டேன். சாப்பாடு முடிந்ததும் மேசைமேல் காசுகளைப் பரப்பி, நான் எழுதி வைத்த பட்டியலைப் படித்தேன். தம்பி பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். ராமர் காசு வந்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணே, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.

போனில் பேசியவன் ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற ஏஜெண்டு என்றானாம். பதிவுக் கட்டணம், பிறகு வரி என்று இரண்டு தடவையாகத் தம்பி 14,500 ரூபாய் அனுப்பியிருக்கிறான். மூன்றாவது தடவை 'காப்பீட்டுக்கு' முப்பதாயிரம் கேட்டபோதுதான் சந்தேகம் வந்திருக்கிறது. ஓய்வூதியத்தில் வாழ்கிறவன், வீட்டில் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை. லட்சக் கணக்கில் பணம் வரப்போகிறது என்று நம்பியவனுக்கு, அதை அண்ணன் மறைக்கிறான் என்று தோன்றியதில் என்ன ஆச்சரியம்?

ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே தெளிவாக அறிவித்துவிட்டது: பழைய காசு, நோட்டு வாங்கி விற்கும் வேலை எங்களுக்கு இல்லை, அதற்குக் கட்டணமோ கமிஷனோ வாங்க யாருக்கும் நாங்கள் அதிகாரம் கொடுக்கவில்லை என்று. வாங்குகிறவன்தான் பணம் தர வேண்டும். விற்கிற நம்மிடம் பணம் கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். 'வெளிநாட்டில் வாங்க ஆள் இருக்கிறது' என்றாலும் ஜாக்கிரதை. நூறு வருடத்துக்கு மேற்பட்ட காசு 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. மண்ணைத் தோண்டும்போது புதையல் கிடைத்தால் அது கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டியது. இதற்குச் சட்டம் 1878-இலிருந்தே இருக்கிறது.

இன்னொரு விஷயம், அக்கா செய்த காரியம். ஒரு துட்டை எடுத்து, "கறுத்துப் போச்சே, புளி போட்டுத் தேச்சுத் தரேன்" என்று எழுந்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். அந்தக் கறுப்பும் பச்சையும் காசின் தோல். புளி, எலுமிச்சை, சபீனா எதுவும் கூடாது. தேய்த்துப் பளபளப்பாக்கிய காசை விவரம் தெரிந்தவர் பாதி விலைக்கும் வாங்கமாட்டார். அழுக்கு இருந்தால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, துடைக்காமல் ஒற்றி எடுத்தால் போதும்.

பங்கு பிரித்தோம். ஆளுக்கு ஏழு வெள்ளி ரூபாய். பணம் இரண்டையும் எனக்கு விட்டுக்கொடுத்தார்கள். ராமர் காசை அக்கா வாங்கிக்கொண்டாள். "ஆயா விளக்கு வெச்சுக் கும்பிட்டது. எனக்கு அது லட்சம் போக வேண்டாம்" என்று தன் வீட்டுப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள்.

தேய்ந்த துட்டு நான்கும் விற்றால் ஒவ்வொன்றும் சில நூறு ரூபாய் பெறும். அதனால் யாரும் அவற்றைக் கேட்கவில்லை. கிளம்பும்போது தம்பி வாசல்வரை போய்த் திரும்பி வந்தான்.

"அண்ணே, அந்த ஊர்ப் பேர் போட்டதுல ஒண்ணு குடேன்."

கொடுத்தேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, தெருவிளக்கு வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.